தீவுக்காரர்களுக்கான உதவித்தொகை

1

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம், எங்கள் துறையின் கூட்ட அறையில், தீவு ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகையை மூடினோம். ‘மூடினார்கள்’ என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நானும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். மூட வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பெரும்பான்மை வேறு பக்கம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் துறைத் தலைவர் என் தோளைத் தட்டி, வருத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். வெளியே எப்போதும்போல மழையும் காற்றும்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. என் பெயர் ஜெயசீலி. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பென்னலூர்க்காரி. வட அட்லாண்டிக்கில் ஒரு குளிர் தீவில் இருக்கிறேன். தீவின் பெயர் வேண்டாம். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சின்ன ஊர், அதில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம், அதில் சின்னத் தீவுகளை மட்டும் ஆராய்கிற ஒரு துறை. தீவில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, இளசுகள் ஏன் ஊரை விட்டுப் போகிறார்கள், கப்பல் வராத மாதங்களில் எதைச் சாப்பிடுகிறார்கள், இப்படிப்பட்ட கேள்விகள்தான் எங்கள் பிழைப்பு. வெளிநாட்டு மாணவர்கள் இங்கே வந்து ஆராய்ச்சி செய்ய ஓர் உதவித்தொகை இருந்தது. 1991-இல் நான் வந்ததும் அதில்தான். இப்போது அது இல்லை.

மூடும்போது பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. தேர்வாகி, வந்து சேர முடியாமல், இரண்டு வருடமாக இடம் மட்டும் காத்துக்கொண்டிருந்த ஒரு பெண். தர்சிகா, படப்பை. அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். அவளுடைய அப்பாவை எனக்குத் தெரியும் என்பதால்.

2

அவளுடைய அப்பாவை எனக்கு எப்படித் தெரியும் என்றால், 1991-இல் இந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டியவர் அவர்.

என் அப்பா பெங்களூர் நெடுஞ்சாலையோரம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாற்றி மாற்றி வேலை பார்த்தவர். ஒரகடம் என்றால் அன்றைக்கு ஒரு கூட்டு ரோடு, நாலைந்து கடைகள், அவ்வளவுதான். அங்கிருந்து பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் எம்.ஏ. புவியியல் படித்த பெண் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். வகுப்பில் என்னோடு படித்தவர் தயாபரன். இலங்கையில் நெடுந்தீவுக்காரர். படகில் வந்தவர். அகதி மாணவர்களுக்கு என்று கல்லூரிகளில் அப்போது சில இடங்கள் இருந்தன. அதில் சேர்ந்து, திருவல்லிக்கேணியில் ஒரு அறையில் மூன்று பேரோடு தங்கிப் படித்தார்.

முதல் முறை என்னோடு பேசியபோது அவர் கேட்டது தண்ணீரைப் பற்றித்தான்.

“உம்மட ஊரில கிணத்துத் தண்ணி எப்பிடி?”

“நல்லாத்தான் இருக்கும். ஏன்?”

“எங்கட தீவில நல்ல தண்ணிக் கிணறு கனக்க இல்லை. இருக்கிற ஒவ்வொண்டுக்கும் பேர் இருக்கு, ஆக்களுக்கு இருக்கிற மாதிரி. சுத்திவர உப்பு. மழைத் தண்ணி நிலத்துக்குக் கீழ, உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கும். மெல்ல மேலால அள்ளோணும். பேராசைப்பட்டு ஆழமாத் தோண்டினால் உப்புத்தான் வரும்.”

பாடப் புத்தகத்தில் படமாக வரைந்திருந்த விஷயம்தான் அது. ஆனால் அவர் சொன்னபோது அந்தப் படத்துக்கு மேலே மனிதர்கள் குடத்தோடு நிற்பது தெரிந்தது.

இறுதியாண்டில் எங்கள் பேராசிரியர் ஓர் அறிவிப்பைக் கொண்டுவந்து பலகையில் ஒட்டினார். இந்தக் குளிர் தீவின் பல்கலைக்கழகம் சின்னத் தீவுகளைப் பற்றி ஆராய விரும்புகிறவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. எங்கள் பகுதி நாடுகளுக்கு இரண்டு இடம். தயாபரன் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“நீரும் போடும்.”

“நா தீவே பாத்ததில்ல.”

“நான் பாத்திருக்கிறன். அதை நான் சொல்லித் தாறன். நீர் என்ர இங்கிலிசைத் திருத்தித் தாரும்.”

இப்படித்தான் ஏரிக்கரை ஊர்க்காரி ஒருத்தி தீவு ஆராய்ச்சிக்கு வந்தாள். அவர் தன் தீவின் கிணறுகளைப் பற்றி எழுதினார். நான் பாம்பன் தீவின் கிணறுகளைப் பற்றி எழுதினேன். அதற்காக அப்பா லீவு போட்டு என்னைப் பாம்பனுக்குக் கூட்டிப் போனார். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் என்னைவிட முந்திக் குடித்துப் பார்த்துவிட்டு, “இது நல்லா கீது, இது வாயில வெக்க முடியல” என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார்.

3

வரைபடங்களைப் பிரதி எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை தயாபரன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த அம்மா கோழிக் குழம்பு வைத்தாள். அப்பா அவர் எதிரில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் விசாரித்தார்.

“இன்னா தம்பி, அந்த ஸ்காலர்ஷிப்புல ஓ.டி. கீதா?”

தயாபரன் சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். “கீதா ஆர்?”

அம்மா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிக்கப் போனாள். கீதா என்றால் இருக்கிறதா என்று அர்த்தம் என நான் விளக்கியதும் அவரும் சிரித்தார். பிறகு கொஞ்ச நாள் கல்லூரியில் பஸ் வருமா என்று கேட்பதற்குப் பதில் “பஸ் கீதா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயில் அது பாடம் ஒப்பிப்பது போல இருக்கும்.

கோடை தொடங்கும்போது இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. இரண்டு பேரும் தேர்வாகியிருந்தோம். பேராசிரியர் எங்களை ஓட்டலுக்குக் கூட்டிப் போய் டிபன் வாங்கித் தந்தார். செப்டம்பரில் போய்ச் சேர வேண்டும். அதற்குள் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு, பாஸ்போர்ட். நான் அன்றே விண்ணப்பத்தை நிரப்பினேன். தயாபரனுக்கு எந்த விண்ணப்பத்தை நிரப்புவது என்றே தெரியவில்லை. பார்க்கலாம், வழி இருக்கும் என்றார் பேராசிரியர்.

4

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. உலகத்துக்கே தெரியும். அதுவரை ஊர்ப் பெயரை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் சென்னைக்காரர்களே தப்பாக எழுதுவார்கள். அதற்குப் பிறகு யாரும் தப்பாக எழுதியதில்லை.

பல நாள் பஸ் ஓடவில்லை. ஓடத் தொடங்கியபோது பையைத் திறந்து பார்க்காமல் யாரையும் விடவில்லை. சில வாரம் கழித்து இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்கள்.

“இங்க சிலோன் பையன் ஒருத்தன் வந்து போவானாமே?”

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து லுங்கியோடு நின்றிருந்தார்.

“ஆமா சார். எம் பொண்ணோட படிக்கிறவரு. ரெண்டு வாட்டி வந்தாரு. சாப்ட்டாரு, போனாரு.”

“மேப்பெல்லாம் வரைஞ்சாங்களாம்?”

“அது படிப்பு சார். கெணறு எங்கெங்க கீதுன்னு.”

“கெணத்துக்கு எதுக்குய்யா கடல் மேப்பு?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லத் தொடங்கினேன். தீவு, மழைநீர், உப்புநீர். நான் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலக் கேட்டது. பாம்பன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அப்பாவை அனுப்பிவிட்டார்கள், வரைபடம் திரும்பவில்லை. அதன்பின் கொஞ்ச நாள் அவர் வேலைக்குப் போகுமுன் ஸ்டேஷனுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது.

“இந்தத் தீவும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்று அம்மா அழுதாள். “டீச்சர் வேலைக்குப் போவட்டும். அந்தப் பையன் இனிமே இந்த வூட்டுக்கு வரக் கூடாது.”

“அவன் எங்க வரப் போறான்?” என்றார் அப்பா. “அவன் இன்னா பண்ணான் சொல்லு. போட் ஏறி வந்தான். வந்து படிச்சான். அத்தத் தவிர இன்னா பண்ணான்?”

தயாபரனை அறையிலிருந்து போலீசார் அழைத்துப் போய் அகதிகள் முகாமில் விட்டிருந்தார்கள் என்று பேராசிரியர் மூலம் தெரிந்தது. வெளியே தங்கிப் படித்த இலங்கைப் பையன்கள் எல்லாருக்கும் அதுதான் நடந்தது. வாய்மொழித் தேர்வுக்கு அவரை அனுப்பும்படி பேராசிரியர் கடிதம் எழுதினார். நேரிலும் போய் வந்தார். தேர்வு நாள் வந்தது. என்னைக் கேள்வி கேட்டார்கள்; நான் பதில் சொன்னேன். எனக்கு அடுத்த பெயரைக் கூப்பிட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. எம்.ஏ. முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அந்த ஒரு மதியம்தான் பாக்கி இருந்தது.

5

என் பாஸ்போர்ட் ஆடி கழிந்து வந்தது. நான் நம்பிக்கையை விட்ட பிறகுதான் வந்தது. பேராசிரியரிடம் காட்டப் போனேன். “ஒருத்தராவது போங்கம்மா” என்றார்.

புறப்படும் முன் அப்பாவோடு முகாமுக்குப் போனேன். போக வேண்டும் என்று சொன்னது அப்பாதான். வாசலில் இருந்த காவலர் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு உள்ளே விட மறுத்தார். அப்பா கெஞ்சிப் பேசியதில் தயாபரனை வாசல்வரை வரவழைத்தார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். முடி வெட்டாமல் காடாக வளர்ந்திருந்தது.

“வைவா முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது. உங்க பேரக் கூப்ட்டாங்க.”

“ம்.” கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எங்கட சேர் கடிதம் எழுதினவர். எனக்குத் தெரியும். இவங்கள் விடேல்லை.”

“அந்த சீட்ட ஒரு வருஷம் வெச்சிருக்கச் சொல்லி நா அங்க போய்க் கேக்கறேன்.”

“கேளும். தராட்டியும் நீர் திரும்பி வராதேயும்.”

அப்பா முறுக்குப் பொட்டலத்தைக் கம்பி வழியாகக் கொடுத்தார். “தம்பி, உடம்பப் பாத்துக்க. எல்லாம் அடங்கிடும். கொஞ்ச நாள்தான்.”

“ஓம் ஐயா.” பிறகு என்னிடம் சொன்னார்: “ஜெயசீலி, கிணறுகளைப் பற்றி எழுதேக்க, எங்கட தீவின்ர பேரையும் ஒருக்கா எங்கயாவது போட்டுவிடும்.”

நேரமாயிற்று என்று காவலர் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

6

இங்கே வந்து இறங்கியபோது குடியேற்ற அதிகாரி என் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் என்று படித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த விமான நிலையத்தில் யாருக்கும் பாம்பன் தெரியாது, சென்னையே தெரியாது. எங்கள் ஊர் தெரிந்திருந்தது. என்னைத் தனி அறையில் உட்கார வைத்து, வெகு மரியாதையாக, காப்பி கொடுத்து விசாரித்தார்கள்.

தயாபரனின் இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்கக் கேட்டேன். கனிவான பதில் வந்தது. பட்டப்படிப்பு முடித்த சான்றும் பயணப் பத்திரமும் இல்லாதவருக்கு இடம் வைக்க விதி இல்லை, வருந்துகிறோம். காத்திருப்போர் வரிசையில் அடுத்தவரை எடுத்துக்கொண்டார்கள். நல்ல பையன்தான் வந்தான். அவன்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது.

உதவித்தொகையில் வாழ்கிற வாழ்க்கையைப் பற்றி ஊரில் தப்பான எண்ணம் இருக்கிறது. அது சம்பளம் இல்லை, பிச்சையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஒவ்வொரு வசந்தத்திலும் நான் என்ன செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த வருடத்துக்கு நீட்டுவார்கள். நீட்டுவார்களா என்று தெரியும்வரை குளிர்கோட்டு வாங்குவதையும் தள்ளிப்போட வேண்டும். களப்பணிக்கு ஒரே ஒரு பயணத்துக்குத்தான் பணம். நான் போக நினைத்தது தயாபரனின் தீவுக்கு. போர் நடக்கும் இடத்துக்குப் பல்கலைக்கழகக் காப்பீடு செல்லாது என்று வேறு தீவுக்கு அனுப்பினார்கள்.

அப்பாவுக்கு என் ஆய்வு வழிகாட்டியைப் பற்றி எழுதும்போது ‘சூப்பர்வைசர்’ என்று எழுதிவிட்டேன். அவர் பயந்துவிட்டார். ‘சூப்பர்வைசரிடம் எதிர்த்துப் பேசாதே, லேட்டாகப் போகாதே, லீவு கேட்டு நிற்காதே’ என்று பதில் வந்தது. அவருடைய லைனில் சூப்பர்வைசர் என்றால் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறவர். அப்படி இல்லை, இவர் நல்லவர் என்று எழுதினேன். ஆனால் அப்பா சொன்னதில் பாதி உண்மை இருந்தது. லீவு கேட்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆறு வாரத்துக்கு மேல் தீவை விட்டுப் போனால் தொகை நின்றுவிடும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதை எண்ணித்தான் பயணத்தைத் தள்ளினேன். நான் போகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆய்வேட்டில் நெடுந்தீவின் பெயரை ஓர் அடிக்குறிப்பில் போட்டேன். தேர்வாளர்களில் ஒருவர் அதைச் சுட்டி, நேரில் பார்க்காத இடத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றார். எடுத்துவிட்டேன்.

தயாபரனிடமிருந்து ஆரம்பத்தில் கடிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு, கப்பலில் இலங்கைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று ஒன்று. அதற்குப் பிறகு பல வருடம் எதுவும் இல்லை.

இங்கேயே வேலை கிடைத்தது, இங்கேயே கல்யாணம், இங்கேயே ஒரு மகன். டேனியல் என்று பெயர். ஐந்து வயதுவரை தமிழ் பேசினான். அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் அழுவதைப் பார்த்து ஓடிவந்து, “தாத்தா இறங்கிட்டாரா?” என்று கேட்டான். தாத்தாவோடு பஸ்ஸில் போன ஞாபகமோ, சொல் மாறிப்போனதோ. நான் திருத்தவில்லை. அவன் என்னிடம் பேசிய கடைசித் தமிழ் வாக்கியங்களில் அது ஒன்று.

7

அப்பாவின் காரியத்துக்கு வந்தபோதுதான் தயாபரனைத் திரும்பப் பார்த்தேன்.

பென்னலூரில் எங்கள் வீடு இருந்த இடம் அதற்குள் ஒரு கம்பெனியின் மதிலுக்குள் போயிருந்தது. என் தம்பி அந்த நிலத்துக்குக் கிடைத்த பணத்தில் படப்பையில் மனை வாங்கி வீடு கட்டி, அப்போதுதான் பெயின்ட் அடிக்க ஆள் விட்டிருந்தான். கூடத்தில் ஏணிமேல் நின்ற பெயின்டர் கீழே இறங்கி, சுவரில் சாய்த்து வைத்திருந்த அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சமையலறையிலிருந்து வந்தேன்.

“ஐயா எப்ப செத்தவர்?” என்று கேட்டார்.

குரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முகத்தில் பாதிக்கு வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது.

திருப்பி அனுப்பப்பட்டவர்களை அவரவர் ஊருக்கு விடவில்லையாம். அங்கேயும் முகாம்தான். தன் தீவை அவர் தூரத்திலிருந்துகூடப் பார்க்கவில்லை. சண்டை மறுபடி மூண்டதும் மறுபடி படகு. இங்கே முகாமில் ஒரு பெண்ணைக் கட்டினார், மகள் பிறந்தாள். பிறகு போலீஸில் பதிந்துகொண்டு வெளியே தங்க அனுமதி வாங்கி, எங்களைத் தேடிப் பென்னலூருக்கு வந்திருக்கிறார். மதிலைத்தான் பார்த்தார். அப்படியே படப்பையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. பெயின்ட் வேலை நிறைய. ஷெட்டுக்குள் ஆட்கள் நடக்கவும் வண்டி போகவும் தரையில் மஞ்சள் கோடு போடுகிற வேலையில் அவர் கைதேர்ந்தவர் என்று மேஸ்திரி சொன்னார்.

“நேர்கோடு போட எங்க படிச்சனீர் எண்டு கேக்கிறாங்கள்” என்று சிரித்தார். “வரைபடம் கீறிப் பழகினது எண்டு சொல்லேலுமோ?”

சாயங்காலம் அவரைத் தேடி யூனிஃபார்மில் ஒரு சின்னப் பெண் வந்தாள். “அப்பா, வூட்டுக்கு வர்ல? அம்மா கேட்டுக்கினே கீறாங்க” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். “என்ர மகள். கீதா கீதா எண்டு கதைக்கிறாள் பாரும்.” அதுதான் தர்சிகா.

8

தர்சிகா நன்றாகப் படித்தாள். புவியியலில் எம்.ஏ. முடித்தாள். விண்ணப்பி என்று நான் சொல்லவில்லை, அவளாகவே விண்ணப்பித்தாள். நெடுந்தீவை விட்டு வந்து முகாம்களில் இருக்கிற வயதானவர்களைச் சந்தித்து, அவர்கள் நினைவில் இருக்கும் கிணறுகளைக் கேட்டு வரைபடமாக்குவது அவள் திட்டம். அவள் போக முடியாத தீவைப் பற்றி, அவள் போக முடிந்த இடங்களிலிருந்து. தேர்வுக் குழுவில் நான் இருந்தேன். தெரிந்த பெண் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். கதவு மூடுவதற்குள் ஒருவர், “இவள் எந்தத் தீவு?” என்று கேட்டது காதில் விழுந்தது.

தேர்ந்தெடுத்தார்கள். தலைவரே வந்து, இவ்வளவு நல்ல திட்டத்தை நான் சமீபத்தில் படிக்கவில்லை என்றார். நான் போனில் சொன்னபோது தயாபரன் போனை மனைவியிடம் நீட்டிவிட்டார். அவள் வாங்கி, “அழுகிறார் அக்கா” என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். அவள் பிறந்தது இந்தியாவில், ஆனால் இந்தியக் குடிமகள் இல்லை. அப்பா இலங்கைக்காரர், ஆனால் அந்த நாட்டில் அவளைப் பதியவில்லை. பதிய வேண்டுமானால் அப்பாவின் பிறப்புச் சான்று வேண்டும். அவருடைய பிறப்பைப் பதிந்திருந்த புத்தகம் போரில் அழிந்துவிட்டது. அழிந்துவிட்டது என்பதற்கு ஒரு சான்று வேண்டும். அது வந்தபோது, படகில் வந்த குடும்பம் நாட்டை விட்டு வெளியேற அனுமதி வேண்டும் என்றார்கள். அதற்குக் காவல் நிலையத்தில் சான்று, ஆட்சியர் அலுவலகத்தில் சான்று, சென்னையில் சான்று. ஒன்று வருவதற்குள் முன்னால் வாங்கியதற்குக் கெடு முடிந்தது. யாரும் கெட்டவர்களாக இல்லை. “உக்காருங்கம்மா, பாக்கலாம்” என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்களாம்.

தயாபரன் வேலையை விட்டுவிட்டு அலைந்தார். ஒவ்வொரு முறையும் எனக்குக் கூப்பிட்டு, “இன்னும் ஒரு கடிதம்தான் ஜெயசீலி, இடத்தை மட்டும் பிடிச்சு வையும்” என்பார். நான் பிடித்து வைத்தேன். முதல் வருடம் எளிதாக. இரண்டாம் வருடம் கெஞ்சி.

இதை டேனியலிடம் சொன்னேன். அவன் இப்போது பெருநிலத்தில் ஒரு நகரத்தில் இருக்கிறான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் அவர்கள் உண்மையில் எந்த ஊர்?” என்று இங்கிலீஷில் கேட்டான். கேலி இல்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

9

புதன்கிழமை காலை தர்சிகாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். பின்னால் பஸ் இரைச்சலும் பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டன.

“ஆன்ட்டி, கம்பெனி பஸ்ல இருக்கேன். சொல்லுங்க.”

“எந்தக் கம்பெனி?”

“நா வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு மாசம் ஆவுது ஆன்ட்டி. ஒரகடத்துல. லைன்ல க்வாலிட்டி செக். கான்ட்ராக்ட்தான். அப்பாதான் உங்க கிட்ட சொல்ல வேணாம்னாரு. தெரிஞ்சா சீட்டு போயிடும்னு அவருக்குப் பயம்.”

சொன்னேன். உதவித்தொகையே இனி இல்லை, யாருக்கும் இல்லை, உன் தப்பு எதுவும் இல்லை என்றெல்லாம் சொன்னேன். நான் முடிக்கும்வரை கேட்டாள்.

“சரி ஆன்ட்டி.”

“வேற எடத்துல நா பாக்கறேம்மா. ஸ்காலர்ஷிப் இது ஒண்ணுதானா?”

“ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வேற எதுனா வந்தா அப்பா கிட்ட சொல்லாதீங்க. என் கிட்டயும் வேணாம்.”

“ஏம்மா?”

“அவரு மறுபடியும் கிளம்பிடுவாரு. காலைல ஃபைல எடுத்துக்கினு ஸ்டேஷன், கலெக்டர் ஆபீசு. அவருக்கு இப்ப முட்டி வலி. ஏணில ஏற முடியல. ஏறலன்னா வேலை இல்ல. கெடைக்கற தரை வேலையக் கூட விட்டுட்டு அலையறாரு. எனக்குக் கெடைக்கணும்னுதான் அலையறாரு, எனக்குத் தெரியும். ஆனா அந்த ஆபீஸ் பெஞ்சுல அவரு கை கட்டிக்கினு உக்காந்துனு இருக்கறதப் பாக்க என்னால முடியல ஆன்ட்டி. நா லைன்லயே இருந்துக்கறேன்.”

பஸ் நின்ற சத்தம் கேட்டது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “எங்க ஸ்டாப்பு வந்துடுச்சு, வெச்சிடறேன்” என்றாள்.

10

மறுநாளே ஒரு மின்னஞ்சல் வந்தது. தென்கடலில் வேறொரு தீவு, வேறொரு பல்கலைக்கழகம். தீவு ஆய்வுக்கு உதவித்தொகை. எங்கள் துறை மூடியதைக் கேள்விப்பட்டு, உங்களிடம் யாராவது நல்ல மாணவர் இருந்தால் அனுப்புங்கள் என்று அங்கே இருக்கும் நண்பர் எழுதியிருந்தார். இடம்பெயர்ந்தவர்களும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று மேலே இருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வரியை நான் எந்த அறிவிப்பிலும் படித்ததில்லை. கீழே, தேர்வாகிறவர்கள் செல்லுபடியாகும் பயணப் பத்திரத்தோடு வந்து சேர வேண்டும் என்று இருந்தது. இரண்டு வரியையும் மாறி மாறிப் பலமுறை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தயாபரன் கூப்பிட்டார்.

“பிள்ளை சொன்னவள். பரவாயில்லை. நீர் என்ன செய்வீர்.”

“நா எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் தயா.”

“தெரியும்.” இருமினார். பெயின்ட் நெடியால் வந்த இருமல், பல வருடமாக இருக்கிறது. “இப்ப எங்களிட்ட எல்லாக் கடிதமும் இருக்கு. சென்னைக் கடிதம் ஒண்டுதான் மிச்சம். அதுவும் இந்தா வரும் எண்டுதான் சொல்லுறாங்கள். அதுதான் கேக்கிறன், வேற எங்கயாவது இருக்கோ? வேற ஏதும் தீவில?”

என் எதிரில் கணினியில் அந்த மின்னஞ்சல் திறந்தே இருந்தது.

“இல்ல தயா,” என்றேன். “இப்ப ஒண்ணும் இல்ல.”

“ஓம்,” என்றார். பிறகு, நாளைக்கு வெள்ளன வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைப்பாக்கத்தில் ஒரு ஷெட், ஏணி வேலை இல்லை, தரை வேலைதான் என்று சொல்லிவிட்டு வைத்தார்.